'ரொமான்ஸ்' என்னும் சொல்: மொழிப்பெயர் இலக்கிய வகைப்பெயரான வரலாறும் நாவல் திறனாய்வும்

ஆய்வுச் சுருக்கம்

'ரொமான்ஸ்' என்னும் சொல் தமிழில் இரு பொருள்களில் வழங்குகிறது. அன்றாட வழக்கில் அது காதலைக் குறிக்கிறது. திறனாய்வு வழக்கில், நாவல் என்னும் தகுதியை எட்டாத மிகைப் புனைவைக் குறிக்கிறது. ஐரோப்பிய மொழிகளில் இச்சொல்லின் வரலாறு இவ்விரு பொருள்களையும் விட விரிவானது. முதலில் ஒரு மொழியையும், பின்னர் அம்மொழியில் இயற்றப்பட்ட நூலையும், அதன்பின் நெடுங்கதை இலக்கியம் முழுவதையும் அது குறித்தது. பிரெஞ்சு, இத்தாலியம், ஜெர்மன், ரஷ்யம், போர்த்துக்கீசியம் ஆகிய மொழிகளில் நாவலின் பெயரே இச்சொல்லின் வழிவந்ததுதான். ஆங்கிலம் மட்டுமே 'நாவல்', 'ரொமான்ஸ்' என இரு சொற்களை எதிரெதிராக நிறுத்தியது. அப்பகுப்பைத் தமிழ்த் திறனாய்வு இலக்கிய வகைமையின் இயல்பாகவே எடுத்துக்கொண்டதால் விளைந்த சிக்கல்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: ரொமான்ஸ், ரொமான், நாவல், புதினம், சொற்பிறப்பியல், இலக்கிய வகைமை, பக்தின், பிரதாப முதலியார் சரித்திரம்.

முன்னுரை

ஓர் இலக்கிய வகைக்கு வழங்கும் பெயர் வெறும் அடையாளக் குறி அன்று. எந்த நூலை அவ்வகைக்குள் சேர்ப்பது, எதை விலக்குவது, எதை முன்னோடி என்பது, எதைக் குறைப்பிறவி என்பது ஆகிய முடிவுகள் பல வேளைகளில் பெயரோடு சேர்ந்தே வருகின்றன. தமிழ் உரைநடைப் புனைகதையை மதிப்பிடும்போது 'இது நாவலன்று, ரொமான்ஸ்' என்னும் தீர்ப்பு பழகிப்போன ஒன்று. தொடக்ககால நாவல்கள் குறித்தும், கல்கியின் வரலாற்றுப் புனைகதைகள் குறித்தும் அது திரும்பத் திரும்ப ஒலித்துள்ளது. அத்தீர்ப்பு சரியா, தவறா என்னும் வினாவுக்கு முன்பாக, அது எந்த மொழியில் வழங்கப்பட்ட தீர்ப்பு என்னும் வினா எழுகிறது. இத்தொடரைப் பிரெஞ்சில் மொழிபெயர்க்க முயல்வோர் உடனே ஓர் இடர்ப்பாட்டைச் சந்திப்பர். 'நாவல்' என்பதற்கு அங்கு வழங்கும் சொல் 'ரொமான்'. இடைக்கால வீரக்கதைகளுக்கு வழங்கும் சொல்லும் அதுவே. 'இது ரொமான் அன்று, ரொமான்' என்றாகித் தொடர் பொருளிழந்துவிடும். இந்த இடர்ப்பாட்டின் வேரை அறியச் சொல்லின் பிறப்பிலிருந்து தொடங்குவது இன்றியமையாதது.

1. மொழிப்பெயராகத் தோன்றியமை

இலத்தீனில் 'ரோமானுஸ்' என்பது ரோம் நகரைச் சார்ந்தவரைக் குறிக்கும் பெயரடை. அதன் வழியில் அமைந்த 'ரோமானிக்கே' என்னும் வினையடைக்கு 'ரோமானியர் முறையில்' என்பது பொருள். பேரரசு சிதைந்தபின், மக்கள் நாவில் வழங்கிய இலத்தீன் இடத்திற்கிடம் திரிந்து புதிய மொழிகளாக வளர்ந்தது. கற்றோர் எழுதிய இலத்தீன் ஒருபுறமும், ஜெர்மானிய மொழிகள் மறுபுறமும் நிற்க, இடையில் மக்கள் பேசிய இம்மொழிகளைச் சுட்ட ஒரு பெயர் தேவைப்பட்டது. 'ரோமானிக்கே பேசுதல்' என்னும் வழக்கு அத்தேவையை நிறைவு செய்தது.

இம்மொழி தனிப்பெயரோடு ஆவணங்களில் இடம்பெறுவது 9ஆம் நூற்றாண்டில் தெளிவாகத் தெரிகிறது. 813இல் தூர் நகரில் கூடிய திருச்சபை மன்றம், மறையுரைகள் அனைவருக்கும் விளங்கும்படி நாட்டுப்புற ரோமானிய மொழியிலோ ஜெர்மானிய மொழியிலோ பெயர்த்துச் சொல்லப்பட வேண்டும் என்று விதித்தது. இலத்தீனைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் நிலையில் மக்கள் இல்லை என்பதற்கு அவ்விதி சான்று. 842இல் ஸ்திராஸ்பூரில் இரு அரச உடன்பிறப்புகள் உறுதிமொழி ஏற்றனர். கிழக்குப் பகுதியை ஆண்ட லூயி, தம்பி சார்லஸின் படையினர்க்கு விளங்குமாறு ரோமானிய மொழியிலும், சார்லஸ் லூயியின் படையினர்க்கு விளங்குமாறு ஜெர்மானிய மொழியிலும் உறுதி கூறினர். நித்தார்டு என்னும் வரலாற்றாசிரியர் பதிவு செய்த அந்த ரோமானியப் பகுதியே பிரெஞ்சு மொழியின் மிகப் பழைய எழுத்துச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

பழைய பிரெஞ்சில் 'ரோமானிக்கே' என்பது 'ரோமான்ட்ஸ்' எனத் திரிந்தது. சுவிட்சர்லாந்தின் கிராவ்புண்டன் மாநிலத்தில் பேசப்படும் 'ருமான்ச்' மொழியின் பெயரும் இதே வேரினது. 1938ஆம் ஆண்டு வாக்கெடுப்பின் வழி அந்நாட்டின் தேசிய மொழிகளுள் ஒன்றாக ஏற்கப்பட்ட அம்மொழி, சொல்லின் முதற்பொருளை இன்றளவும் தன் பெயரிலேயே காத்து வருகிறது. 'ரொமானி' என்னும் நாடோடி மக்களின் மொழிப்பெயர் இதனோடு ஒலியால் ஒத்திருப்பினும் வேரால் வேறானது. அது இந்திய மூலத்தைக் கொண்டது.

2. மொழியிலிருந்து நூலுக்கு

12ஆம் நூற்றாண்டில் 'ரோமான்ட்ஸில் இடுதல்' என்றால் இலத்தீன் நூலை மக்கள் மொழியில் பெயர்த்தல் என்று பொருள். தீப்ஸ் நகரக் கதையும் ஈனியஸின் கதையும் ட்ராய் போரின் கதையும் அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலத்தீன் மூலங்களிலிருந்து பிரெஞ்சுச் செய்யுளாயின. மான்மத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி இலத்தீனில் எழுதிய பிரித்தானிய அரசர் வரலாற்றை வாஸ் என்னும் கவிஞர் 1155இல் பிரெஞ்சுச் செய்யுளில் நிறைவு செய்தார். அரசவையிலிருந்த இலத்தீன் அறியாத ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் இவை படித்துக் காட்டப்பட்டன. பெயர்க்கப்பட்ட மொழியின் பெயரே, பெயர்க்கப்பட்ட நூலின் பெயரும் ஆயிற்று. அவ்வாறு பெயர்க்கப்பட்டவற்றுள் பெரும்பாலானவை போரும் பயணமும் காதலும் நிறைந்த கதைகளாக இருந்தமையால், மூலம் ஏதுமின்றி மக்கள் மொழியிலேயே புதிதாக இயற்றப்பட்ட அத்தகைய கதைக்கும் அப்பெயர் பொருந்தியது. கிரெத்தியன் தெ த்ருவா தம் ஆர்தர் கதைகளைக் குறிக்க இச்சொல்லைக் கையாளும்போது இம்மாற்றம் நிகழ்ந்துவிட்டதைக் காணமுடிகிறது.

மொழிப்பெயர் இலக்கியப் பொருளின் பெயராக மாறுவது தமிழுக்குப் புதிதன்று. குறிஞ்சிப்பாட்டு ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் 'தமிழ்' அறிவிக்கப் பாடப்பட்டது என்னும் குறிப்பில், 'தமிழ்' என்பது அகப்பொருள் மரபைச் சுட்டுகிறது. இறையனார் அகப்பொருள் உரையும் நூல் நுதலிய பொருளைத் 'தமிழ்' என்றே கூறும். இங்கும் மொழியின் பெயர், அம்மொழிக்கே உரியதாகக் கருதப்பட்ட இலக்கிய நெறிக்கு ஆகிவந்தது. அந்நெறி காதலைப் பொருளாகக் கொண்டது என்பது ஒப்புநோக்கை மேலும் நெருக்கமாக்குகிறது. ஆயின் வேறுபாடும் உண்டு. தமிழில் இப்பொருள் உரையாசிரியர் வழக்கோடு நின்றது. பிரெஞ்சில் அது மொழிப்பொருளை முற்றிலும் விழுங்கிவிட்டது.

இக்காலத்தில் சொல்லின் வடிவிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. பழைய பிரெஞ்சில் எழுவாய் ஒருமை பெரும்பாலும் 'ஸ்' என்னும் ஈற்றைப் பெறும். 'ரோமான்ட்ஸ்' என்பதன் இறுதி ஒலியும் அத்தகைய ஈறே எனப் பேசுவோர் கருதி அதனை நீக்கியதால், 'ரோமான்ட்' என்னும் வடிவமும் பின்னர் 'ரொமான்' என்னும் வடிவமும் தோன்றின. ஈறு நீங்காத வடிவம் ஆங்கிலத்தில் 'ரொமான்ஸ்' எனத் தங்கியது. 'ரோமான்ட்' என்னும் வடிவிலிருந்து 'ரொமான்டிக்' என்னும் பெயரடை 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் கிளைத்தது.

3. தென் ஐரோப்பிய மொழிகளில் பொருட்பிரிவு

ஸ்பானியத்தில் 'ரொமான்ஸே' என்பது முதலில் காஸ்டிலிய மக்கள் மொழியைக் குறித்தது. 'ரொமான்ஸேயில் பேசு' என்றால் சுற்றி வளைக்காமல் தெளிவாகச் சொல் என்பது பொருள். 'பச்சைத் தமிழில் சொல்' என்னும் வழக்கோடு இது ஒப்பிடத்தக்கது. இலக்கியத்தில் அச்சொல் எட்டசை அடிகளால் ஆகி, இரட்டை அடிகளில் உயிரொலி இயைபு பெறும் கதைப்பாடலுக்குப் பெயராயிற்று. 1928இல் லோர்கா வெளியிட்ட ஜிப்சிப் பாடல் தொகுப்பு இம்மரபின் தொடர்ச்சி. வீரர்களின் வியத்தகு செயல்களைக் கூறும் உரைநடை நூல்கள் அங்கு 'வீரமரபு நூல்கள்' என வேறு பெயர் பெற்றன. எனவே நெடுங்கதைக்கு வேறொரு சொல் தேவைப்பட, இத்தாலிய 'நொவெல்லா'விலிருந்து வந்த 'நொவேலா' அவ்விடத்தை நிரப்பியது. செர்வான்டிஸ் 1613இல் தம் குறுங்கதைத் தொகுப்புக்கு அச்சொல்லைச் சூட்டினார். 1605இலும் 1615இலும் வெளிவந்த 'டான் குயிக்ஸாட்'டை அவர் 'வரலாறு' என்றே குறித்தார். அந்நூல் 'நொவேலா' எனப்படுவது பிற்கால வழக்கு.

எல்லை கடந்து போர்த்துக்கல்லுக்குச் சென்றால் நிலை தலைகீழாகிறது. அங்கு ஸ்பானியச் சொல்லின் அதே எழுத்துகளால் எழுதப்படும் 'ருமான்ஸ்' நாவலைக் குறிக்கிறது. 'நொவேலா' என்பது குறுநாவலையும், தற்காலத்தில் தொலைக்காட்சித் தொடரையும் குறிக்கும். ஆகவே யோசே சரமாகு எழுதியவை போர்த்துக்கீசியத்தில் 'ருமான்ஸ்'. அவையே ஸ்பானியத்தில் பெயர்க்கப்படும்போது 'நொவேலா'. நூல் மாறவில்லை, பெயர் மட்டும் மாறியது.

இத்தாலியத்தில் 'நொவெல்லா' என்பதன் பொருள் 'புதிய செய்தி', 'புதிய சிறுகதை'. 14ஆம் நூற்றாண்டில் பொக்காச்சியோ 'டெக்கமரான்' நூலில் கூறிய 100 கதைகள் அவ்வகையின. நெடுங்கதைக்கு உரிய சொல் 'ரொமான்ட்ஸோ'. 1516இல் முதலில் வெளிவந்த அரியோஸ்தோவின் செய்யுள் நூலான 'ஒர்லாண்டோ ஃபுரியோஸோ'வும், 1827இல் வெளிவந்த மன்ட்ஸோனியின் உரைநடை நூலான 'மணமாக வாக்களித்தோர்' என்பதும் இப்பெயராலேயே அழைக்கப்படுகின்றன. 16ஆம் நூற்றாண்டு இத்தாலியில் இப்பெயரைச் சுற்றி நிகழ்ந்த விவாதம் இங்கு நினைக்கத்தக்கது. அரிஸ்டாட்டிலின் கவிதையியல் புத்துயிர் பெற்றிருந்த அக்காலத்தில், பல கதைகளைப் பின்னிச் செல்லும் அரியோஸ்தோவின் நூலில் செயலொருமை இல்லை எனக் குறை கூறப்பட்டது. ஜிரால்டி சின்தியோ 1554இல் வெளியிட்ட நூலில் அக்குறையை மறுத்தார். அரிஸ்டாட்டில் அறிந்திராத மொழியில், அவர் அறிந்திராத வகையில் எழுந்த நூல்களை அவர் விதிகளால் கட்டுப்படுத்தலாகாது என்பது அவர் வாதம். ஓர் இலக்கிய வகையை வேறிடத்து அளவுகோலால் அளப்பது பற்றிய வினா, இச்சொல்லோடு தொடக்கத்திலேயே பிணைந்திருந்தது.

4. பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்ய மொழிகளில் தொடர்ச்சி

பழைய வீரக்கதைக்கும் புதிய நடப்பியல் கதைக்கும் வேறுபாடு உண்டு என்பதைப் பிரெஞ்சுத் திறனாய்வாளர் உணரவில்லை எனக் கொள்வது பிழை. 1656–57இல் செக்ரே வெளியிட்ட பிரெஞ்சுக் கதைத் தொகுப்பில், 'ரொமான்' நிகழ்வுகளைத் தகைமைக்கு ஏற்பப் புனைகிறது, 'நூவெல்' வரலாற்றை ஒட்டிச் செல்கிறது என்ற வேறுபாடு பேசப்படுகிறது. அக்காலத்தில் 'நூவெல்' என்னும் சொல் நெடுங்கதையின் பெயராகவே நிலைபெறக்கூடும் என்னும் நிலை இருந்தது. ஆயினும் 'ரொமான்' என்னும் சொல்லே வென்றது. 1670இல் பிஷப் யுயே எழுதிய 'ரொமான்களின் தோற்றம்' என்னும் ஆய்வுரை, கிரேக்கக் கதைகள் முதல் தம் காலக் கதைகள் வரை ஒரே மரபாகக் கண்டது. அவற்றின் பிறப்பிடத்தைக் கீழைநாடுகளில் தேடியது. அவ்வாய்வுரை மதாம் தெ லஃபாயெத்தின் கதை ஒன்றற்கு முன்னுரையாக வந்தது என்பது குறிப்பிடத்தக்கது. பழைய வகையின் வரலாறும் புதிய வகையின் எடுத்துக்காட்டும் ஒரே நூலில், ஒரே பெயரின்கீழ் இணைந்திருந்தன.

ஜெர்மன் மொழி 17ஆம் நூற்றாண்டில் 'ரொமான்' என்பதைப் பிரெஞ்சிலிருந்து பெற்றது. பின்னர் அதுவே ஒரு பேரியக்கத்தின் பெயருக்கு ஊற்றாயிற்று. ஃபிரீட்ரிஹ் ஷ்லேகல் 1798இல் 'அதெனேயம்' இதழில் 'ரொமான்டிஷ்' கவிதை பற்றி எழுதியபோதும், 1800இல் 'ரொமான் பற்றிய மடல்' எழுதியபோதும், பெயரடையையும் பெயரையும் வேண்டுமென்றே இணைத்தார். எல்லா வகைகளையும் தன்னுள் கலந்துகொள்ளும் முடிவற்ற வகையாக அவர் ரொமானைக் கண்டார். தமிழில் 'ரொமான்டிசிசம்' என்பதற்குக் கற்பனாவாதம், புனைவியல் என்னும் சொற்கள் வழங்குகின்றன. அவை கோட்பாட்டின் ஒரு கூற்றைச் சரியாகவே சுட்டுகின்றன. ஆயின் அக்கோட்பாட்டின் மையத்தில் நாவல் என்னும் வகை இருந்தது என்பதை இச்சொற்களால் ஊகிக்க இயலாது.

ரஷ்யத்திலும் 'ரொமான்' நாவலையே குறிக்கிறது. பேச்சுவழக்கில் காதல் தொடர்பையும் குறிக்கும். 'ரொமான்ஸ்' என்பது அங்கு உணர்ச்சி மிக்க தனிப்பாடல். புஷ்கின் 'யெவ்கேனி அனேகின்' நூலைச் 'செய்யுளில் ரொமான்' என்றும், கோகல் 1842இல் உரைநடையில் எழுதிய 'இறந்த ஆன்மாக்'களைக் 'காவியம்' என்றும் குறித்தனர். செய்யுளா உரைநடையா என்பதைக் கொண்டு வகையைத் தீர்மானிக்கும் வழக்கத்தை இருவருமே மறுத்தனர். போலிஷ் மொழியில் நாவலுக்குச் 'சொல்லுதல்' என்னும் வேரிலிருந்து 'பொவியெஷ்ச்' என்னும் பெயர் அமைந்தது. அதே வேரிலிருந்து ரஷ்யத்தில் அமைந்த 'போவெஸ்த்' நடுத்தர நீளக் கதையைக் குறிக்கிறது. நவீன கிரேக்கம் தொன்மம், வரலாறு ஆகிய இரு சொற்களை இணைத்து 'மித்திஸ்தோரிமா' என ஆக்கிக்கொண்டது. இவ்வாறு பெயர்கள் பலவாயினும், வியத்தகு கதையையும் நடப்பியல் கதையையும் இருவேறு பெயர்களால் பிரித்து நிறுத்தும் வழக்கம் இம்மொழிகளில் அடிப்படையாக அமையவில்லை.

5. ஆங்கிலத்தின் இருசொல் பகுப்பு

ஆங்கிலத்திலும் இப்பகுப்பு எளிதில் நிலைபெறவில்லை. 1692இல் காங்கிரீவ் தம் கதையொன்றின் முன்னுரையில் ரொமான்ஸையும் நாவலையும் வேறுபடுத்தினார். எனினும் 1742இல் ஃபீல்டிங் 'ஜோசப் ஆண்ட்ரூஸ்' முன்னுரையில் தம் படைப்பு வகையை 'நகைச்சுவை ரொமான்ஸ்' என்றே அறிமுகம் செய்தார். 1750இல் சாமுவேல் ஜான்சனும் புதிய புனைகதையை ரொமான்ஸின் நகைச்சுவை வடிவம் எனக் கருதினார். 1755இல் வெளிவந்த அவருடைய அகராதியில் 'நாவல்' என்பதற்குப் பெரும்பாலும் காதல் பற்றிய சிறிய கதை என்னும் பொருளே தரப்பட்டது. ரிச்சர்ட்சனின் 'கிளாரிஸா'வும் ஃபீல்டிங்கின் 'டாம் ஜோன்'ஸும் வெளிவந்த பின்னரும் சொல் தன் இத்தாலியப் பொருளை விட்டு நீங்கவில்லை. அவ்விரு நூல்களும் தம் தலைப்புகளில் தம்மை 'வரலாறு' என்றே அழைத்துக்கொண்டன.

பகுப்புக்குத் தெளிவான வரையறை தந்தவர் கிளாரா ரீவ். 1785இல் வெளிவந்த 'ரொமான்ஸின் வளர்ச்சி' என்னும் உரையாடல் நூலில், ரொமான்ஸ் வியத்தகு மாந்தரையும் நிகழ்வுகளையும் கூறும் வீரக்கதை என்றும், நாவல் எழுதப்பட்ட காலத்தின் நடைமுறை வாழ்வைக் காட்டும் ஓவியம் என்றும் அவர் வகுத்தார். அந்நூலின் நோக்கம் ரொமான்ஸைத் தாழ்த்துவதன்று. கற்றோர் இகழ்ந்த அவ்வகைக்கு உரிய மதிப்பை மீட்டுத் தருவதே. 1824இல் வால்டர் ஸ்காட்டும் இதையொட்டிய வரையறையை அளித்தார். 1851இல் ஹாதார்ன், நாவலாசிரியருக்குக் கிடைக்காத உரிமை ரொமான்ஸ் எழுதுவோர்க்கு உண்டு எனக் கூறித் தமக்கு அப்பெயரையே விரும்பி ஏற்றார். ஆக, வேறுபாட்டை வகுத்த இவர்களிடம் அது உயர்வு தாழ்வுப் படிநிலையாக இல்லை.

படிநிலை உறுதிப்பட்டது பிற்காலத் திறனாய்வில். 1957இல் இயன் வாட் எழுதிய 'நாவலின் எழுச்சி', டெஃபோ, ரிச்சர்ட்சன், ஃபீல்டிங் ஆகியோரின் எழுத்தில் வடிவ நடப்பியல் உருவானதை அக்காலத் தனிமனித நோக்கோடும் நடுத்தர வர்க்க வாசகரோடும் இணைத்து விளக்கியது. விளக்கம் வலுவானது. ஆனால் அதை ஏற்பவர் பலர், நாவல் 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பிறந்தது, அதற்கு முந்தையவை ரொமான்ஸ் எனச் சுருக்கிக்கொண்டனர். அதே 1957இல் நார்த்ராப் ஃபிரை 'திறனாய்வின் உடற்கூறு' நூலில் நாவலையும் ரொமான்ஸையும் உரைநடைப் புனைவின் நான்கு வடிவங்களுள் இரண்டாக, சம நிலையில் வைத்தார். 1996இல் மார்கரெட் ஆன் டூடி, இப்பகுப்பே ஆங்கில உலகின் தனி வழக்கு என்று கூறிப் பண்டைய கிரேக்க, ரோமானியக் கதைகளிலிருந்து நாவலின் வரலாற்றைத் தொடங்கினார்.

6. மொழிபெயர்ப்பில் நேரும் இழப்பு

இப்பகுப்பின் விளைவை மிகத் தெளிவாகக் காட்டுவது மிகயீல் பக்தினின் எழுத்து. 1937–38இல் எழுதி 1975இல் வெளிவந்த கால-இடப் பிணைப்பு பற்றிய நெடுங்கட்டுரையில், அவர் 'கிரேக்க ரொமா'னிலிருந்து தொடங்கி, 'வீரமரபு ரொமான்' வழியாக ரபலேயை நோக்கிச் செல்கிறார். ரஷ்ய மூலத்தில் ஒரே சொல் தொடர்ந்து வருவதால், ஒரு வகையின் நெடிய வளர்ச்சியை அவர் பேசுகிறார் என்பதில் ஐயம் எழாது. 1981இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் கட்டுரைத் தலைப்பில் 'நாவல்' என்றும், உட்தலைப்புகளில் 'கிரேக்க ரொமான்ஸ்', 'வீரமரபு ரொமான்ஸ்' என்றும் சொற்கள் பிரிந்தன. ஆங்கில வழக்கின்படி இது பிழையன்று. ஆயினும் ஆங்கிலத்தின் வழியாகப் பக்தினைப் பயிலும் தமிழ் வாசகர், அவர் நாவலுக்கு முந்தைய வேறொரு வகையை முதலில் பேசிவிட்டுப் பின் நாவலுக்கு வருவதாக எண்ண இடமுண்டு. மூலத்தின் கருத்து அதற்கு நேர்மாறானது. கிரேக்க ரொமானும் நாவலே. அதன் காலமும் இடமும் மட்டுமே வேறு.

7. தமிழ் நாவல் திறனாய்வில்

தமிழுக்கு 'நாவல்' என்னும் சொல் ஆங்கிலக் கல்வியின் வழியாக வந்தது. சன்னல், மேசை, அலமாரி முதலியவற்றைத் தந்த போர்த்துக்கீசியர் தம் இலக்கிய வகைப்பெயரைத் தரவில்லை. அவர்கள் வழியாகவோ, புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர் வழியாகவோ இவ்வகை வந்திருப்பின், தமிழில் அதன் பெயர் 'ரொமான்' என்பதை ஒட்டியே அமைந்திருக்கலாம். பின்னர் ஆக்கப்பட்ட நவீனம், நவீனகம், புதினம் என்னும் சொற்கள் மூன்றும் 'புதுமை' என்னும் ஆங்கிலச் சொல்லின் வேர்ப்பொருளை நம்பி எழுந்தவை. அவ்வேர்ப்பொருள் இத்தாலியச் சிறுகதைக்கு உரியது என்பதும், ஐரோப்பாவின் பெரும்பகுதியில் நெடுங்கதையின் பெயரில் புதுமைக்கு இடமில்லை என்பதும் இச்சொல்லாக்கத்தில் கருதப்படவில்லை. வங்காளமும் இந்தியும் 'உபன்யாஸ்' என்னும் சொல்லையும், மராத்தியும் கன்னடமும் பாணபட்டரின் நூற்பெயரான 'காதம்பரி'யையும் ஏற்றன. காதம்பரி என்னும் பெயர், வியத்தகு காதல் கதையைப் புதிய வகையின் முன்னோடியாகவே கொள்கிறது. அவ்வகையில் அது ரொமான் என்னும் சொல்லின் போக்குக்கு நெருக்கமானது.

தமிழின் தொடக்ககாலப் படைப்பாளர் தேர்ந்த பெயர் வேறு. 1879இல் வெளிவந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்', 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி'யில் தொடராக வந்த ராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திரம்', 1898இல் வெளிவந்த மாதவையாவின் 'பத்மாவதி சரித்திரம்' ஆகிய மூன்றும் 'சரித்திரம்' எனப்பட்டன. செர்வான்டிஸும் ஃபீல்டிங்கும் தம் நூல்களை 'வரலாறு' என்றதோடு இது ஒத்துள்ளது. பெயரில்லாத வகையில் எழுதுவோர், அறியப்பட்ட ஒரு வகையின் நம்பகத்தன்மையைக் கடனாகப் பெறுவது எங்கும் இயல்பு.

இவற்றுள் பிரதாப முதலியார் சரித்திரத்தின் மீது வைக்கப்படும் குறைகள், கதைக்கட்டு தளர்ந்திருப்பது, கிளைக்கதைகள் மலிந்திருப்பது, நம்பவியலாத தற்செயல்கள் நிகழ்வது, மாந்தர் வளர்ச்சியின்றி நிற்பது ஆகியன. கணவனும் மனைவியும் பிரிவதும், ஞானாம்பாள் ஆண் வேடமிட்டு ஆட்சிப் பொறுப்பேற்பதும், இறுதியில் இருவரும் கூடுவதும் நாவலுக்குப் பொருந்தாத ரொமான்ஸ் கூறுகள் எனப்படும். பக்தின் கிரேக்க ரொமானுக்கு வகுத்த இலக்கணத்தில் இவை அனைத்தும் உள்ளன: இணையரின் பிரிவு, பயணம், சிறை, உடைமாற்றம், அடையாளம் காணல், கூடல். தற்செயலே அங்கு காலத்தை நடத்துகிறது. மாந்தர் சோதனைக்கு உட்பட்டும் மாறாதிருப்பது குறையாகாமல் அவ்வகையின் கருவாகவே அமைகிறது.

இவ்வாறு நோக்கினால் 'இது நாவலா' என்னும் வினா பின்னுக்குச் செல்கிறது. சோதனைக் கதையின் பழைய சட்டகத்தில் பெண்கல்வி, நீதிமன்ற நடைமுறை, தாய்மொழியின் இடம் ஆகியவை பற்றிய 19ஆம் நூற்றாண்டு விவாதங்களை வேதநாயகம் பிள்ளை எவ்வாறு பொருத்தினார், அச்சட்டகம் அவற்றைத் தாங்கியதா என்னும் வினாக்கள் முன்னுக்கு வருகின்றன. ஞானாம்பாளின் ஆண் வேடம் கதைமரபின் உத்தி மட்டுமா, பெண்ணின் ஆளும் திறனைக் காட்ட அக்காலத்தில் கிடைத்த ஒரே வழியா என்பதும் அவற்றுள் ஒன்று. பிரதாப முதலியாரின் குறும்புக் குரலுக்கும் கதையின் நீதிபோதனைக்கும் இடையே உள்ள இழுபறியும் அவ்வாறே. நூலை முழுமையடையாத நாவலாகக் கொள்ளும் வாசிப்பில் இவை எழுவதற்கு இடமே இல்லை.

இதனால் எல்லா மிகைப் புனைவும் குறையற்றதாகிவிடாது. சொல்லின் வரலாறு ஒன்றாக இருப்பதால் பொருள்களும் ஒன்றாகிவிடும் என வாதிடுவது சொற்பிறப்பியல் மயக்கமே. அன்றாட வாழ்வின் நுண்விவரங்களால் மனித உள்ளத்தைக் காட்டும் கமலாம்பாள் சரித்திரத்திற்கும், தற்செயல்களால் நடக்கும் பிரதாப முதலியார் சரித்திரத்திற்கும் வேறுபாடு உண்டு. அவ்வேறுபாட்டைச் சுட்டத் திறனாய்வுக்குச் சொற்கள் வேண்டும். கல்கியின் வரலாற்றுப் புனைகதைகளில் மாந்தர் நன்மை தீமைகளின் தூய வடிவங்களாக நிற்பதைச் சுட்டிக்காட்டவும் உரிமை உண்டு. ஆனால் அது ஒரே வகைக்குள் நிகழும் மதிப்பீடாக அமைய வேண்டும். வகைக்கு வெளியே தள்ளுவது மதிப்பீட்டைத் தவிர்க்கும் வழியாகிவிடும். 'ரொமான்ஸ்' எனப் பெயரிட்டவுடன், அந்நூல் அவ்வகைக்குள் சிறந்ததா தாழ்ந்ததா என ஆராயும் பொறுப்பு கைவிடப்படுகிறது.

முடிவுரை

மக்கள் மொழியின் பெயராகத் தோன்றிய சொல், அம்மொழியில் பெயர்க்கப்பட்ட நூலுக்கும், பின் நெடுங்கதைக்கும் பெயராயிற்று. ஸ்பானியத்தில் அது கதைப்பாடலாகவும், போர்த்துக்கீசியம், இத்தாலியம், பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யம் ஆகியவற்றில் நாவலாகவும், ஆங்கிலத்தில் நாவலின் மறுதலையாகவும் நிலைபெற்றது. பழைய புனைவுக்கும் புதிய புனைவுக்கும் உள்ள வேறுபாட்டை எல்லா மொழியினரும் உணர்ந்தனர். பிறர் அவ்விவாதத்தை ஒரு சொல்லுக்குள் நிகழ்த்த, ஆங்கிலம் இரு சொற்களுக்கிடையே நிகழ்த்தியது. தமிழ் அவ்விரு சொற்களையும் பெற்றபோது, அவற்றிடையே நிகழ்ந்த விவாதத்தைப் பெறாமல் அதன் முடிவை மட்டும் பெற்றது.

ஆகவே தமிழ் நாவல் வரலாற்றை எழுதுவோர் 'ரொமான்ஸ்' என்னும் சொல்லைத் தீர்ப்பாகக் கொள்ளாது, ஒரு கதைமரபின் பெயராகக் கையாளுதல் வேண்டும். பிற ஐரோப்பியக் கோட்பாட்டு நூல்களை ஆங்கிலத்தின் வழியாகத் தமிழாக்குவோர், மூலத்தில் 'ரொமான்' என ஒரே சொல் நிற்கும் இடங்களைக் கண்டறிந்து 'நாவல்' என்றே சீராகப் பெயர்ப்பது பயன்தரும். அவ்வாறு செய்யின், 1879இல் தொடங்கும் தமிழ் நாவல் தன் முதல் நூலைக் குறைப்பிறவி எனக் கூறி வரலாற்றைத் தொடங்கும் நிலை மாறும். அம்முதல் நூலை அதன் சொந்த வகையின் நிறைகுறைகளோடு படிக்கவும் வழி பிறக்கும்.